வெறுப்பு எந்த வழியில் பரவுகிறது, அதை எங்கெங்கே மறிக்கலாம்?

சமூக ஊடகத்தில் வெறுப்புப் பேச்சு என்று ஆரம்பித்தாலே நம்மிடையே இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. "அப்படிப் பேசுகிறவன் கணக்கை முடக்கிவிட்டால் தீர்ந்தது" என்பது ஒன்று. "எதைச் சொன்னாலும் வெறுப்பு என்று முத்திரை குத்தி வாயை அடைக்கிறார்கள்" என்பது இன்னொன்று. யூதர்கள் பற்றிய பேச்சு வந்துவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகிறது. காஸா போரைக் கண்டித்தாலே யூத வெறுப்பு ஆகிவிடுமா என்று ஒருவர் கேட்கிறார். அதே வாட்ஸ்அப் குழுவில் இன்னொருவர், உலகத்தையே ஆட்டிவைப்பது யூதர்கள்தான் என்று அரைமணி நேர வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் சொல்வதில்லை.

இதைப் புதிதாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். யூத வெறுப்பை முன்னே வைத்துப் பேசப் போகிறேன். நம்மில் பெரும்பாலோர் ஒரு யூதரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர்களைப் பற்றிய வெறுப்பு நம் போன் வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது வந்த வழியைப் புரிந்துகொண்டால், மற்ற வெறுப்புகள் வரும் வழியும் பெருமளவு புரிந்துவிடும்.

எதை வெறுப்புப் பேச்சு என்கிறோம்?

ஒருவரை அவர் செய்த காரியத்துக்காகத் திட்டலாம். ஓர் அரசை, ஒரு கட்சியை, ஒரு மதத்தின் கோட்பாட்டைக்கூடக் கடுமையாக விமர்சிக்கலாம். மதம், இனம், சாதி, மொழி, பாலினம் போன்ற அடையாளத்தை வைத்து ஒரு மக்கள் கூட்டத்தையே இழிந்தவர்கள், ஆபத்தானவர்கள், ஒழிக்கப்பட வேண்டியவர்கள் என்று சொல்வதுதான் வெறுப்புப் பேச்சு. அது யூதர்களைக் குறிவைக்கும்போது யூத வெறுப்பு.

மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம்.

"காஸாவில் இஸ்ரேல் அரசு செய்வது போர்க்குற்றம்." இது ஓர் அரசின் செயலைப் பற்றிய கருத்து. ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். யூத வெறுப்பு ஆகாது. யூதர்களிலேயே பலர் இதைச் சொல்கிறார்கள்.

"இஸ்ரேல் செய்வதற்கு லண்டனில் கடை வைத்திருக்கும் யூதர் பதில் சொல்லியாக வேண்டும்." இங்கே கோட்டைத் தாண்டியாகிவிட்டது. அந்தக் கடைக்காரர் எந்த ராணுவத்துக்கும் உத்தரவு போடவில்லை. அவர் பிறப்பை வைத்து அவர்மேல் பழி போடப்படுகிறது.

"ஹிட்லர் மிச்சம் வைத்ததுதான் தப்பு." தமிழ் வீடியோக்களின் கீழே இந்த வரியை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். சிரிப்பு எமோஜியோடு எழுதுகிறார்கள். நாஜி ஆட்சியில் குழந்தைகள் உட்பட சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தப் படுகொலை பாதியில் நின்றுவிட்டதே என்று வருத்தப்படும் வரி அது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இதே அளவுகோலைத் திருப்பியும் வைக்க வேண்டும். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் செய்த கொலைகளுக்காக ஊரிலுள்ள முஸ்லிம் கடைக்காரரைக் குற்றவாளிபோல் பார்ப்பதும் அதே வெறுப்புதான். அந்த நாளுக்குப் பிறகு இணையத்தில் யூதர்கள்மீதும் முஸ்லிம்கள்மீதும் வெறுப்பு ஒருசேர எகிறியது.

இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் அறிஞர்களுக்குள் சச்சரவு உண்டு. சர்வதேச யூதப் படுகொலை நினைவுக் கூட்டமைப்பு 2016-இல் ஒரு வரையறையை ஏற்றது. பல நாடுகள் அதைப் பின்பற்றுகின்றன. இஸ்ரேல்மீதான நியாயமான விமர்சனத்தையும் முடக்க அது பயன்படுகிறது என்று கருதிய அறிஞர்கள் 2021-இல் ஜெருசலேம் பிரகடனம் என்ற மாற்று வரையறையைக் கொண்டுவந்தார்கள். என் பார்வையில், மேலே சொன்ன மூன்று வாக்கியங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் அன்றாடத் தேவைக்கு அது போதும்.

யூத வெறுப்பின் தனிக்குணம்

பெரும்பாலான வெறுப்பு மேலிருந்து கீழே பார்க்கும். அவர்கள் அழுக்கு, சோம்பேறிகள், குற்றப் பரம்பரை என்று பேசும். யூத வெறுப்பு அதையும் பேசும். கூடவே இன்னொன்றையும் பேசும். அவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் வங்கி, ஊடகம், அரசு எல்லாம் ரகசியமாக அவர்கள் கையில் என்று சொல்லும். உலகத்தில் யூதர்கள் மொத்தமே சுமார் ஒன்றரைக் கோடிப் பேர். தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் கால் பங்குகூட இல்லை.

இந்தக் குணத்தால் ஒரு விளைவு உண்டு. யூத வெறுப்பு பல சமயம் வசைச் சொல்லே இல்லாமல் வரும். 'யாரும் சொல்லாத உண்மை' என்ற தலைப்போடு, வரலாற்றுப் பாடம்போல, பின்னணி இசையோடு வரும். பார்த்து முடிப்பவருக்கு யாரையும் வெறுத்ததாகத் தோன்றாது. ஒரு ரகசியம் தெரிந்துவிட்டதாகத்தான் தோன்றும்.

அப்படி ஒரு கதையின் பயணத்தை மட்டும் பார்ப்போம். 1815-இல் வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்றதை ராத்சைல்ட் குடும்பத்து நாதன் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, லண்டன் பங்குச் சந்தையை ஏமாற்றிக் கோடிக்கணக்கில் சுருட்டினார் என்ற கதை. ராத்சைல்ட் என்பது பிராங்க்பர்ட்டிலிருந்து வந்த யூத வங்கிக் குடும்பம். இந்தக் கதை பரவியது போர் முடிந்து முப்பது ஆண்டு கழித்து, 1846-இல் பாரிசில் வெளியான ஒரு துண்டுப் பிரசுரத்தின் வழியாக. எழுதியவர் 'சாத்தான்' என்ற புனைபெயரில் எழுதினார். நாதன் போர்க்களத்தில் நேரில் நின்று பார்த்தார், புயலில் கடலைக் கடந்து லண்டன் போனார் என்றெல்லாம் அதில் இருந்தது. உண்மையில் நாதன் அந்தப் போர்க்களத்தின் பக்கமே போகவில்லை. ஆனாலும் கதை நிற்கவில்லை. 1940-இல் நாஜி ஜெர்மனி இதை வைத்து ஒரு திரைப்படமே எடுத்தது. இன்று அதே கதை யூடியூபில், தமிழ் வர்ணனையோடும், ஓடிக்கொண்டிருக்கிறது. அனுப்புகிறவருக்கு அது பாரிசில் அச்சான பொய் என்றும் தெரியாது, நாஜிகள் கையில் புழங்கிய பொய் என்றும் தெரியாது.

இந்த வரிசையில் இது முதல் பொய்யும் இல்லை. 1348-49-இல் ஐரோப்பாவைக் கொள்ளைநோய் அழித்தபோது, கிணறுகளில் யூதர்கள் விஷம் கலந்ததாகப் புரளி கிளம்பியது. 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மட்டும் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்துக் கொன்றார்கள். 1903-இல் ரஷ்யாவில், உலகைப் பிடிக்க யூதத் தலைவர்கள் தீட்டிய ரகசியத் திட்டம் என்று ஓர் ஆவணம் வெளியானது. அது வேறொரு பழைய அரசியல் நூலிலிருந்து திருடித் தைக்கப்பட்ட போலி என்று லண்டன் டைம்ஸ் நாளிதழ் 1921-இலேயே பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுக் காட்டிவிட்டது. அப்புறமும் அது லட்சக்கணக்கில் அச்சானது. 2020-இல் கொரோனா வந்தபோது கிணற்று விஷக் கதையே புது உடுப்புப் போட்டுக்கொண்டு திரும்பியது.

நம் யூடியூப் உலகில் 'இலுமினாட்டி' என்ற பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. அது 1776-இல் ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு பேராசிரியர் தொடங்கிய சிறு சங்கம். பத்து ஆண்டுகளுக்குள் அரசு தடைசெய்து, அதோடு முடிந்தது. அது இன்னும் உயிரோடு உலகை ஆள்கிறது என்ற கதைக்குள் யூதர்கள் பிற்பாடு சேர்க்கப்பட்டார்கள். பொழுதுபோக்காகப் பார்க்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீடியோக்கள் ஐந்தாறு தாண்டியதும் ராத்சைல்ட் பெயரும் யூதர் பெயரும் எப்படி வந்து சேருகின்றன என்பதைக் கவனியுங்கள். பக்கத்தில் கொச்சியில் 1568-இல் கட்டிய யூத ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. அந்த மக்கள் நூற்றாண்டுக் கணக்கில் இங்கே மிளகு வியாபாரம் செய்து, நம்மோடு வாழ்ந்தவர்கள். அந்த நினைவைவிடப் பாரிசுப் பொய் நம் போனில் பலமாக இருக்கிறது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஒரு கூட்டத்தைப் பிறப்பை வைத்துக் குற்றவாளியாக்குவது வெறுப்புப் பேச்சு. யூத வெறுப்பு பெரும்பாலும் 'ரகசியச் சதி' என்ற கதையாக வருகிறது. கதைகள் பழையவை, வண்டிதான் புதிது. இனி அந்த வண்டியைப் பார்ப்போம்.

டீக்கடை பெஞ்சும் ஒரு மைக்கும்

டீக்கடை பெஞ்சில் ஒருவர் அக்கம்பக்கத்து மக்களைப் பற்றி அபாண்டமாகப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர்கள் ஆறு பேர். அதில் ஒருவராவது "சும்மா இரு அண்ணாச்சி, நம்ம காதர் பாய் அப்படிப்பட்ட ஆளா?" என்பார். பேச்சு அங்கேயே அடங்கும்.

இப்போது கடைக்காரர் ஒன்றைக் கவனிக்கிறார். சண்டை நடந்தால் ஆட்கள் எழுந்து போகாமல் இன்னும் ஒரு டீ சொல்கிறார்கள். உடனே ஒரு மைக் வாங்கி வைக்கிறார். யார் பேச்சுக்குக் கூட்டம் அதிகம் கொதிக்கிறதோ அவர் முன்னால் மைக்கை நகர்த்த ஒரு பையனையும் வைக்கிறார். பையனுக்கு யார்மேலும் பகை கிடையாது. கூட்டத்தின் சத்தத்தை மட்டும் அளந்து மைக்கை நகர்த்துகிறான். ஒரு வாரத்தில் அந்தக் கடையில் யார் குரல் கேட்கும்?

அந்தப் பையனுக்குத்தான் சமூக ஊடகத்தில் அல்காரிதம் என்று பெயர். எந்தப் பதிவை யாருக்கு, எந்த வரிசையில் காட்டுவது என்று முடிவு செய்யும் கணக்குமுறை அது. லைக், பின்னூட்டம், பகிர்வு, பார்த்த நேரம் ஆகியவற்றை அளந்து, 'இது ஆளை நிறுத்திவைக்கும்' என்று தோன்றுவதை மேலே தூக்கும். நிறுத்திவைத்தால்தான் விளம்பரம் காட்ட முடியும்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 2021-இல் வெளியே வந்த பேஸ்புக்கின் உள் ஆவணங்களின்படி, 2017-இலிருந்து அந்த நிறுவனம் கோப முகம் உட்பட எமோஜி எதிர்வினைகளுக்கு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்துவந்தது. பத்துப் பேர் லைக் போட்ட பதிவும் இரண்டு பேர் கோபப்பட்ட பதிவும் கணக்கில் சமம். தவறான தகவலும் நச்சுப் பேச்சும் இதனால் மேலே வருகின்றன என்று உள்ளே இருந்தவர்களே எச்சரித்தார்கள். பிற்பாடு கோப முகத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். 2016-ஆம் ஆண்டின் இன்னோர் உள் அறிக்கை, தீவிரவாதக் குழுக்களில் சேர்ந்ததில் 64 விழுக்காடு பேஸ்புக்கின் சொந்தப் பரிந்துரைகளால் நடந்தது என்று சொன்னது. தேடிப் போய்ச் சேர்ந்தவர்களைவிட, 'இந்தக் குழு உங்களுக்குப் பிடிக்கலாம்' என்று காட்டியதால் சேர்ந்தவர்கள் அதிகம்.

விளம்பரப் பக்கத்தில் நடந்தது இன்னும் அப்பட்டம். 2017 செப்டம்பரில் அமெரிக்கச் செய்தி நிறுவனமான புரோபப்ளிகா, பேஸ்புக்கில் விளம்பரம் கொடுக்கும் பக்கத்தைச் சோதித்தது. யாருக்கு விளம்பரம் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில் 'யூதரை வெறுப்பவர்' என்றே ஒரு பிரிவு இருந்தது. இது போன்ற பிரிவுகளில் சேர்ந்து சுமார் 2,300 பேர். 30 டாலர் கட்டி மூன்று விளம்பரம் கொடுத்தார்கள். கால் மணி நேரத்துக்குள் மூன்றுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. அந்தப் பிரிவை எந்த ஊழியரும் உட்கார்ந்து உருவாக்கவில்லை. சிலர் தங்கள் விவரப் பக்கத்தில் படிப்பு, வேலை என்று கேட்ட இடத்தில் அந்தச் சொல்லை எழுதியிருந்தார்கள்; இயந்திரம் அதைப் பொறுக்கி விற்பனைக்கு வைத்துவிட்டது. செய்தி வந்த பிறகு நீக்கினார்கள்.

பேச்சிலிருந்து துப்பாக்கி வரை

"எழுத்துதானே, யாருக்கு என்ன கெட்டுவிட்டது" என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

2018 அக்டோபர் 27, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க். யூத ஜெபாலயத்துக்குள் ஒருவன் புகுந்து 11 பேரைச் சுட்டுக் கொன்றான். அதற்குச் சற்று முன்பு 'கேப்' என்ற தளத்தில் பதிவு போட்டிருந்தான். அகதிகளுக்கு உதவும் ஒரு யூத அமைப்பு, தன் இனத்தவரை அழிக்க வெளியாட்களைக் கொண்டுவருகிறது என்பது அவன் நம்பிக்கை. கவனியுங்கள், அவனுக்குக் குடியேறிகள்மேல் வெறுப்பு. ஆனால் அவர்களை அனுப்புவது யூதர்கள் என்ற சதிக் கதையால் துப்பாக்கி யூதர்கள்மேல் திரும்பியது.

2019 மார்ச் 15, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச். வெள்ளையர்களின் இடத்தை வேறு மக்களைக் கொண்டு நிரப்பச் சதி நடக்கிறது என்ற இதே வகைக் கதையை நம்பியவன், பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த 51 பேரைக் கொன்றான். பேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். அதே ஆண்டு அக்டோபரில், ஜெர்மனியின் ஹாலே நகரில், யூதர்களின் நோன்பு நாளன்று ஜெபாலயத்தைத் தாக்க வந்தவனும் நேரலை போட்டான். கதவு தாங்கியதால் உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். வெளியே இரண்டு பேர் இறந்தார்கள். 2022 மே மாதம் அமெரிக்காவின் பஃபலோவில் கறுப்பினத்தவர் 10 பேரைக் கொன்றவனும் அதே கதையின் வாசகன். ஒரே கதை யூதரையும் முஸ்லிமையும் கறுப்பரையும் கொல்கிறது. யூத வெறுப்பைத் தனியாக ஒதுக்கிவைத்துவிட்டு மற்ற வெறுப்பை எதிர்க்க முடியாது என்று சொல்வதற்கு இதைவிடக் கனமான காரணம் வேண்டாம்.

தமிழ் பேசும் மக்களுக்கு இது தூரத்துச் செய்தியும் இல்லை. 2018 பிப்ரவரி கடைசியில் இலங்கையின் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறியில் கிடந்த மாவுக் கட்டியைப் பார்த்த சிங்கள வாடிக்கையாளர் ஒருவர், இது மலடாக்கும் மாத்திரை என்று சத்தம் போட்டார். கூட்டம் சூழ்ந்தது. கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று புரியாமல், பயத்தில் ஏதோ சொல்லிவைத்தார். அதை வீடியோ எடுத்து, 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று பேஸ்புக்கில் பரப்பினார்கள். அரசுப் பரிசோதனையில் அது வெறும் மாவு என்றுதான் வந்தது. அப்படி மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று கிடையவும் கிடையாது. ஆனால் மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத் திகனையில் கலவரம் வெடித்தபோது இந்த வதந்தியும் எரிகிற தீயில் இருந்தது. பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் எரிந்தன, உயிர்கள் போயின. அவசரநிலை பிறப்பித்து, பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் அரசு தற்காலிகமாக நிறுத்தியது. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக பேஸ்புக் 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது.

கிணற்று விஷமும் கறியில் மாத்திரையும் ஒரே அச்சில் வார்த்தவை. அண்டை வீட்டான் நம் சாப்பாட்டில், தண்ணீரில் ரகசியமாக எதையோ கலக்கிறான் என்ற அச்சம்.

மறிக்கும் வழிகள்: இயந்திரத்தால் ஆவதும் ஆகாததும்

வெறுப்புப் பதிவுகளைக் கண்டுபிடித்து நீக்குவது, அடக்குவது ஆகிய வேலைகளுக்கு மொத்தமாகக் கன்டென்ட் மாடரேஷன் என்று பெயர். தமிழில் பதிவுக் கண்காணிப்பு எனலாம். அதில் நான்கு அடுக்குகள் உண்டு.

மிக எளிய அடுக்கு, சொல் வடிகட்டி. தடைசெய்த சொல் வந்தால் பதிவு போய்விடும். மியான்மரில் என்ன ஆனது தெரியுமா? அங்கே இந்திய வம்சாவளியினரையும் முஸ்லிம்களையும் இழிவாகக் குறிக்க 'கலா' என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்களைக் கேட்டால் அந்தச் சொல் தெரிந்திருக்கும். 2017-இல் பேஸ்புக் அந்தச் சொல்லை வடிகட்டியபோது, கடலைப் பருப்பைப் பற்றிய பதிவுகளும் மாட்டிக்கொண்டன. பர்மிய மொழியில் பருப்பின் பெயரிலும் அந்த ஒலி இருக்கிறது. அந்தச் சொல்லைக் கண்டித்து எழுதியவர்களின் பதிவுகளும் நீங்கின.

அடுத்தது ஹேஷ். ஒரு படத்தையோ வீடியோவையோ கணக்கிட்டுப் பெறும் தனித்த எண் அது. ஒருமுறை தடைசெய்த வீடியோவின் எண்ணைச் சேமித்துவைத்தால், மறுபடி யாராவது ஏற்றும்போதே பிடிக்கலாம். நிறுவனங்கள் இந்த எண்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள 2017-இல் ஒரு பொது அமைப்பையே தொடங்கின. கிறைஸ்ட்சர்ச் வீடியோவை முதல் 24 மணி நேரத்தில் 15 லட்சம் முறை நீக்கியதாகவும், அதில் 12 லட்சத்தை ஏறும்போதே தடுத்ததாகவும் பேஸ்புக் சொன்னது. அப்படியானால் 3 லட்சம் பிரதிகள் ஏறிவிட்டன. ஓரத்தை வெட்டி, நிறம் மாற்றி, திரையைப் படம்பிடித்து ஏற்றினால் எண் மாறிவிடும். அப்படி 800-க்கும் மேற்பட்ட வடிவங்கள் இருந்தன.

மூன்றாவது, லட்சக்கணக்கான எடுத்துக்காட்டுகளைக் காட்டிப் பழக்கிய செயற்கை நுண்ணறிவு. ஆங்கிலத்தில் ஓரளவு வேலை செய்யும்; மற்ற மொழிகளில் தடுமாறும். மியான்மரில் கண்ணில் படும் 'கலா'க்களையெல்லாம் கொல்லுங்கள் என்று பர்மிய மொழியில் எழுதிய ஒரு பதிவை, 'மியான்மரில் எனக்கு வானவில் இருக்கக் கூடாது' என்று பேஸ்புக்கின் மொழிபெயர்ப்பு காட்டியதை ராய்ட்டர்ஸ் 2018-இல் வெளிக்கொண்டுவந்தது. கொலை அழைப்பு இயந்திரத்துக்கு வானவில்லாகத் தெரிந்தது. நம் கதையும் சிக்கல்தான். தமிழைத் தமிழ் எழுத்தில் பாதி, ஆங்கில எழுத்தில் பாதி அடிக்கிறோம். ஊருக்கு ஊர் வசவு வேறு. சாதியைச் சொல்லாமலே சொல்லும் குறிப்புகள் வேறு.

குறிப்பு என்றதும் யூத வெறுப்பின் ஒரு தந்திரத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்க வெள்ளை இனவெறிக் கூட்டம் யூதர்களின் பெயரைச் சுற்றி இருபுறமும் மூன்று அடைப்புக்குறி போடும் பழக்கத்தைத் தொடங்கியது. அடைப்புக்குறியில் வெறுப்புச் சொல் எதுவும் இல்லை. பல தேடுபொறிகள் அதைத் தேடவும் தேடாது. உள்ளாட்களுக்கு மட்டும் 'இவர் யூதர், தாக்கு' என்று புரியும். யூதப் பெயர்களைத் தானாகவே அப்படிச் சூழ்ந்து காட்டும் ஒரு சிறு மென்பொருளைக்கூட, கூகுளின் குரோம் உலாவியில் சேர்த்துக்கொள்ள, உருவாக்கினார்கள். 2016 ஜூனில் கூகுள் அதை நீக்கியது. பிறகு நடந்தது எனக்குப் பிடித்த பகுதி. யூதர்களும் அவர்களின் நண்பர்களும் ஆயிரக்கணக்கில் தங்கள் பெயருக்குத் தாங்களே அந்த அடைப்புக்குறிகளைப் போட்டுக்கொண்டார்கள். எல்லோரும் போட்டுக்கொண்டதும் குறிக்கு மதிப்பு போய்விட்டது.

நான்காவது அடுக்கு மனிதர்கள். சந்தர்ப்பம், கிண்டல், ஊர்வழக்கு எல்லாம் புரிவது அவர்களுக்குத்தான். ஆனால் 2015 தொடக்கத்தில் பேஸ்புக்கில் பர்மிய மொழிப் பதிவுகளைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். 2017-இல் மியான்மரின் சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்கியா மக்கள் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிர்தப்பி வங்கதேசத்துக்கு ஓடினார்கள். வன்முறையைத் தூண்டத் தன் தளம் பயன்படுவதைத் தடுக்கப் போதிய அளவு செய்யவில்லை என்று பேஸ்புக் அடுத்த ஆண்டு ஒப்புக்கொண்டது. நாள் முழுக்கத் தலைவெட்டும் காட்சிகளைப் பார்த்துப் பிரிக்கும் அந்தப் பணியாளர்களின் மனம் என்னாவது? மனநலம் பாதித்த கண்காணிப்பாளர்களுக்கு பேஸ்புக் 2020-இல் 5.2 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. நாம் கண்ணை மூடிக்கொள்ளும் காட்சியை யாரோ ஒருவர் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

சுருக்கமாக: சொல் வடிகட்டி முரடு, ஹேஷ் பழையதை மட்டும் பிடிக்கும், செயற்கை நுண்ணறிவு சின்ன மொழிகளில் பலவீனம், மனிதர்கள் போதாது. நான்கும் சேர்ந்தால்தான் கொஞ்சமாவது நிற்கும்.

சட்டம் எதுவரை?

அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டின் ஒரு சட்டப் பிரிவு, பயனர் எழுதுவதற்குத் தளம் பொறுப்பில்லை என்கிறது. ஜெர்மனி எதிர்த்திசையில் போனது. 2018 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டம், அப்பட்டமாகச் சட்டவிரோதமான பதிவைப் புகார் வந்த 24 மணி நேரத்தில் நீக்கச் சொன்னது. அபராதம் 5 கோடி யூரோ வரை. பயந்துபோய் நல்ல பதிவுகளையும் நீக்கிவிடுவார்கள் என்ற விமர்சனமும் கூடவே வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய டிஜிட்டல் சேவைச் சட்டம் எனக்கு மேலானதாகப் படுகிறது. ஒவ்வொரு பதிவையும் துரத்துவதைவிட, அங்கே 4.5 கோடிப் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்கள் தங்கள் அல்காரிதத்தால் வரும் ஆபத்தைத் தாங்களே மதிப்பிட்டுக் குறைக்க வேண்டும் என்கிறது. மீறினால் உலக வருவாயில் 6 விழுக்காடு வரை அபராதம். டீக்கடைப் பேச்சை விட்டுவிட்டு மைக்கைப் பிடிக்கும் சட்டம் இது.

இந்தியாவில் மதம், இனம், சாதி, மொழி அடிப்படையில் பகை வளர்ப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவின்படி குற்றம். பெரிய தளங்கள் இங்கேயே வசிக்கும் குறைதீர்ப்பு அதிகாரியை வைக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. ஆனால் சட்டத்தை ஆள்பவர் கையில் அப்படியே கொடுத்துவிடவும் முடியாது. 'எரிச்சலூட்டும்' பதிவுக்கே சிறை என்று இருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு எத்தனையோ சாதாரண மக்களைச் சிக்கவைத்தது. உச்ச நீதிமன்றம் 2015-இல் அதை ரத்து செய்தது சரியான தீர்ப்பு.

விரட்டினால் போய்விடுமா?

"இங்கே தடுத்தால் வேறு தளத்துக்குப் போவான், என்ன பயன்?" என்ற கேள்வி நியாயமானது. 2015-இல் ரெடிட் தளம் இரண்டு வெறுப்புக் குழுக்களை மூடியது. பிறகு அதை ஆராய்ந்தவர்கள், கணிசமானவர்கள் தளத்தைவிட்டே போய்விட்டதையும், தங்கியவர்களின் வெறுப்புச் சொற்கள் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததையும் கண்டார்கள். போனவர்களில் சிலர் இன்னும் முரட்டுத் தளங்களுக்குப் போனார்கள் என்பதும் உண்மை. ஆனால் அங்கே கூட்டம் சிறியது. மூலையில் நான்கு பேர் கொதிப்பதும் ஊர்நடுவே மைக்கில் கொதிப்பதும் ஒன்றாகாது.

கவலை தருவது, கதவைத் திறப்பதும் அதே நிறுவனங்கள்தான் என்பது. யூதப் படுகொலை நடக்கவே இல்லை என்று மறுக்கும் பதிவுகளை பேஸ்புக் 2020 அக்டோபரில்தான் தடைசெய்தது. இரண்டு ஆண்டு முன்பு அதை அனுமதிப்பதாகத் தலைவரே சொல்லியிருந்தார். 2025 ஜனவரியில் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அமெரிக்காவில் உண்மை சரிபார்ப்பவர்களை விலக்கி, வெறுப்புப் பேச்சு விதிகளையும் தளர்த்தியது. 2025 ஜூலையில் எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தின் கிராக் என்ற செயற்கை நுண்ணறிவே ஹிட்லரைப் புகழ்ந்து பதில் எழுதியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. முன்பு மனிதன் எழுத, இயந்திரம் பரப்பியது. இப்போது இயந்திரமே எழுதவும் தொடங்கியிருக்கிறது.

நம் கையில் இருப்பது

முதலாவது, கண்டிப்பதற்காகக்கூட அந்தப் பதிவைப் பகிராதீர்கள். நம் கோபமும் அல்காரிதத்துக்குச் சத்தம்தான். சுட்டி, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு, தளத்தில் புகார் கொடுங்கள். புகாரில் 'வெறுப்புப் பேச்சு' என்ற பிரிவைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஸ்பாம் என்று போட்டால் வேறு வரிசைக்குப் போய்விடும். மிரட்டலோ வன்முறை அழைப்போ இருந்தால் காவல்துறைக்கு அந்த ஸ்கிரீன்ஷாட் தேவைப்படும். பதிவு நீங்கிய பிறகு தேடினால் கிடைக்காது.

இரண்டாவது, பதில் சொல்வது. சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2021-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இனவெறிப் பதிவு போட்ட 1,350 ட்விட்டர் பயனர்களில் சிலருக்கு நகைச்சுவையாக, சிலருக்கு எச்சரிக்கையாக, சிலருக்கு 'இதைப் படிக்கும் அந்த மக்களுக்கு எப்படி வலிக்கும்' என்ற தொனியில் பதில் எழுதினார்கள். கடைசி வகைக்கு மட்டும் தெளிவான பலன் இருந்தது, சிறிய பலன்தான். கிண்டலுக்கும் மிரட்டலுக்கும் அதுவும் இல்லை.

வாட்ஸ்அப்பில் யாராவது புகார் செய்தாலொழிய எந்தச் செய்தியையும் கண்காணிப்பாளர் பார்க்க முடியாது. செய்தி பூட்டப்பட்டுத்தான் போகிறது. 2018-இல் குழந்தை கடத்தல் வதந்தியால் தமிழ்நாடு உட்படப் பல இடங்களில் அப்பாவிகள் அடித்தே கொல்லப்பட்ட பிறகு, இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் வரம்பு வைத்தது. பலமுறை கைமாறி வந்த செய்தியை 2020 முதல் ஒரே ஓர் அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும். செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது அப்படிக் கைமாறி வந்தது என்று பொருள்.

அந்த இரட்டை அம்புக்குறியோடு குடும்பக் குழுவில் சித்தப்பா ஒரு வீடியோ போட்டால் எல்லோர் முன்பும் மறுக்காதீர்கள். பெரியவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். தனியாக எழுதுங்கள், அல்லது போன் போடுங்கள். "சித்தப்பா, நேத்து நீங்க அனுப்பின அந்த ராத்சைல்ட் வீடியோ பாத்தேன். அது 1846-ல பாரிஸ்ல யாரோ புனைபெயர்ல எழுதின கதையாம். அந்த ராத்சைல்ட் போர் நடந்த இடத்துக்கே போகலையாம். ஹிட்லர் ஆளுங்க இதையே படமா எடுத்துக் காட்டிருக்காங்க. உங்களுக்கு யார் அனுப்பினாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அனுப்பியவரின் பெயர் வந்தால், அவருக்கும் இதைச் சொல்லச் சொல்லுங்கள்.